கறுப்புப் பியரும் வெள்ளி விரதமும்

கோயிலால் வந்து குசினிக் கதவைத் திறந்த அன்னப்பூரணி, கையிலிருந்த அர்ச்சனைத் தட்டைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள்.

மகள் கம்சாயினி வாங்கில் உட்கார்ந்து கிளாசில் கறுப்பாய் எதையோ குடித்துக்கொண்டிருந்தாள். மேசையில் ஒரு போத்தல். பக்கத்தில் மருமகன் நிலோஜன், பெண்சாதியின் வாயையே பார்த்தபடி.

"இது என்னகா?"

"பியர் அம்மா. பெல்ஜியத்துப் பியர். நல்ல காரமான சாதியாம்."

"வெள்ளிக்கிழமையில? நான் விரதம் பிடிக்கிற வீட்டில?"

அன்னப்பூரணி சத்தம் போட்டுக் கதைக்கிற பெண் இல்லை. ஆனால் புருஷனைக் குடிக்குப் பறிகொடுத்தவள். அவர் போன பிறகு பனிச்சங்கேணியில் அந்த வீட்டுப் படலையைத் தாண்டி ஒரு போத்தலும் உள்ளே வந்ததில்லை. அந்த வீட்டைத்தான் மகளுக்குச் சீதனமாய்க் கொடுத்து, மருமகனையும் கூட வைத்திருந்தாள்.

மாமி மருமகனோடு நேரே கதைப்பது அவர்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. கல்யாணம் முடிந்ததிலிருந்து கேட்பதும் சொல்வதும் எல்லாம் மகள் வழியாகத்தான். இன்றைக்குக் கோபமும் அந்த வழியாலேயே போனது.

"உன்ட புருஷனிட்டச் சொல்லு. பாசிக்குடா ஹோட்டல்ல அவர் வெள்ளைக்காரனுக்கு என்னத்தையும் ஊத்திக் கொடுக்கட்டும். அது அவர்ட வேலை. என்ட பிள்ளைக்கு ஊத்தப்படாது எண்டு சொல்லு."

கைக்கெட்டும் தூரத்தில் நின்ற நிலோஜன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவர் சும்மா தரல்ல அம்மா..."

"நீ வாயை மூடு. போன கிழமை றால் கறி கரிஞ்சு, நாயும் மணந்து பாத்துப்போட்டுப் போச்சுது. உன்ட புருஷன் சட்டியோட வழிச்சுத் திண்டுபோட்டு, மாமிட கறி நல்லாயிரிக்கு எண்டு சொல்லி விடுறார். எனக்கு நக்கல் விளங்காதெண்டு நினைச்சாரோ?"

சொல்லிக்கொண்டே தட்டை வைத்துவிட்டுப் போத்தலைப் பறித்தாள். கம்சாயினி கையைப் பிடிக்க வந்தாள். ஒரே ஒரு போத்தல்தான் இருக்கிறது, ஊற்ற வேண்டாம் என்று கெஞ்சினாள். அன்னப்பூரணி கேட்கவில்லை. பின்படிக்கு வந்து, வாழை அடியில் பாதிப் போத்தலுக்கு மேல் கவிழ்த்துவிட்டாள். மண்ணில் நுரை பொங்கியது. திரும்பிப் பார்த்தால் மகள் அழுகிறாள்.

"அழு. நல்லா அழு. குடிக்கக் கிடைக்கல்ல எண்டு அழு."

"அவருக்கு மணம் தெரியாதம்மா."

போத்தல் நிமிர்ந்தது.

பிறகு கம்சாயினி எல்லாவற்றையும் சொன்னாள். போன மாசம் மோட்டார்சைக்கிளால் விழுந்து தலையில் அடிபட்டதோடு அவனுக்கு மணம் போய்விட்டது. திரும்பி வரும் என்றும் வராது என்றும் டாக்குத்தரால் சொல்ல முடியவில்லை. ஹோட்டலில் இன்னும் தெரியாது. நாளைக்கு மனேஜருக்கு முன்னால் இந்தப் பியரைக் குடித்து, என்ன மணம், என்ன ருசி என்று வந்தவர்களுக்கு அவன் விளங்கப்படுத்த வேண்டும். திக்கினால் வேலை போய்விடும். பெண்சாதி குடித்துச் சொன்னால் பாடமாக்கலாம் என்று கொண்டுவந்திருக்கிறான்.

"எனக்கு ஒண்டும் பிடிபடுதில்லம்மா. இனிக்குது, கசக்குது. அதுக்கு மேல சொல்லத் தெரியல்ல."

"இதை ஏன்கா எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க ஒருநாளாவது அவரிட்ட எதையும் கேட்டிரிக்கிங்களா?"

அன்னப்பூரணி உள்ளே வந்து மருமகனைப் பார்த்தாள். கரிந்த கறி என்று தெரியாமலே நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டவன், இன்னும் தலை நிமிரவில்லை.

மேசையில் கிளாசின் அடியில் இரண்டு மிடறு மிச்சம் இருந்தது. "அம்மாளே, பொறுத்துக்கொள்" என்று முணுமுணுத்தாள். விடிந்ததிலிருந்து தண்ணீரும் படாத வாயில் அந்தக் கிளாசை வைத்தாள். முகம் சுளித்தது. துப்பவில்லை. கண்ணை மூடி, வாய்க்குள் உருட்டி, மெதுவாக விழுங்கினாள்.

கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக மருமகனின் முகத்தைப் பார்த்து நேரே சொன்னாள்:

"மகன், மனசில வெச்சுக்கொள்ளுங்க. முதல்ல அடிப்பிடிச்ச சக்கரை அமுது, மறுகா அதில போடுற பிளம்ஸ், விழுங்கினாப் பிறகு கராம்பு. போத்தல்ல கிடக்கிறதையும் ஊத்துங்க, இன்னும் என்னமோ ஒண்டு இரிக்கு."