நடுக்கதவு

“ரௌட்டர் எங்க இருக்கு?” என்று கேட்டார் கடைக்காரர்.

“தம்பி போர்ஷன்ல. நெட் ரெண்டு வீட்டுக்கும் பொது. என் கம்ப்யூட்டருக்கு வயர்ல வருது.”

“வயருக்கு மிஞ்சினது உண்டா சார்? வைஃபை அடாப்டர் எதுக்கு?”

அண்ணன் ஆன்டெனா வைத்த அடாப்டர் ஒன்றை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்தார்.

“மூடின கதவைத் தாண்டி எடுக்குமா?”

“சுவரையே தாண்டும்.”

வாங்கிக்கொண்டார்.

வீட்டைப் பிரித்த பிறகும் நடுக்கதவை யாரும் மூடியதில்லை. அதன் வழியாகத் தம்பியின் இருமல் கேட்கும். ஒரே போர்வைக்குள் படுத்திருந்த வயதில் கேட்ட அதே இருமல். இப்போது தம்பி வீட்டில் ஏசி வந்துவிட்டது. “உங்க அண்ணன் வயர் குறுக்கே கிடக்கு, கதவை எப்படி மூடறது?” என்று தம்பி மனைவி சொன்னது காலையில் அவர் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் அடாப்டரைச் செருகினார். வயரைச் சுருட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். வீடு ஊமையாகிவிட்டது.

திரையில் அக்கம்பக்கத்து நெட் எல்லாம் வந்தது. தம்பியுடையது மட்டும் வரவில்லை. நெட்டையும் பிரித்துவிட்டானா? தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டினார்.

தம்பி திறந்தான்.

“வைஃபை வரலையேடா?”

“அணைச்சுட்டேன்.”

“என் போன்லயும் வரலைங்க” என்றாள் உள்ளிருந்து அவன் மனைவி.

“அண்ணன் வயரை மாட்டினதும் வரும்” என்றான் தம்பி. அவர் சுருட்டி வைத்திருந்த வயரை எடுத்து, வாசலின் குறுக்கே பிரித்துப் போட்டான்.

“ஏசி போட்டிருக்கீங்களேடா?”

“குளிர் உன் பக்கமும் கொஞ்சம் வரட்டுமேண்ணா.”