மீசை இன்னும் இறங்கவில்லை

இதில் ஒரு கமா கூட நான் சேர்த்ததில்லை. சேர்த்திருந்தால் என் வீட்டு ஃபியூஸ் இந்த நிமிஷமே போகட்டும்.

இன்ஜினியர் துணைமின் நிலையத்துக்குள் நுழைந்தபோது, ஆபரேட்டர் ஃபோனும் கையுமாக இருந்தார். "சரி மீசை. நீ இறங்கி வர்ற வரைக்கும் நான் சுவிட்சைத் தொட மாட்டேன். பதறாம வேலையைப் பாரு."

இன்ஜினியர் வாசலிலேயே நின்றுவிட்டார். லைன்மேன் மீசை கம்பத்தில் கரண்ட் அடித்துச் செத்து ஒரு வருஷம் ஆகிறது.

கம்பத்தில் ஏறுகிறவன் தன் பெயர் அட்டையை இங்கே ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். இறங்கி வந்து அவனேதான் எடுக்க வேண்டும். அட்டை தொங்கும் வரை சுவிட்சைத் தொடக் கூடாது. போன வருஷம் மீசையின் அட்டை தொங்கிக்கொண்டிருந்தபோதே, "அவன் இந்நேரம் இறங்கியிருப்பான்யா, போடு" என்று சொன்னவர் இதே இன்ஜினியர்தான்.

இன்றைக்கு அதே ஆணியில் அதே அட்டை.

"யோவ், பன்னிரண்டு மணிக்குப் புது லைன்ல கரண்ட் விடணும். ஹெட் ஆபீஸ்லேர்ந்து பெரியவர் வந்துக்கிட்டிருக்கார். நீ யார்கிட்ட பேசறே?"

"மீசைகிட்டதான் சார். கடைசித் தெருக் கம்பத்து மேல இருக்கானாம்."

"அவன்தான் செத்துட்டானே!"

"அது எனக்குத் தெரியும் சார். அவனுக்கு யாரும் சொல்லலை போல."

ஆபரேட்டர் சுவரோரம் கட்டியிருந்த கறுப்பு ஒயரிலிருந்து துண்டை உருவி, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கடைசித் தெரு என்றதும் இன்ஜினியருக்கு இன்னும் எரிந்தது. புது உயரழுத்தக் கம்பி மாடி ஜன்னலுக்குக் கையெட்டும் தூரத்தில் போகிறது என்று அந்தத் தெருவில் நாற்பத்து மூன்று பேர் மனு கொடுத்திருந்தார்கள். அது அவர் மேஜையில் டீ டம்ளருக்கு அடியில் மூன்று மாதமாகச் சேவை செய்துவந்தது.

"கொடுய்யா இப்படி!"

"வேணாம் சார்..." ஆபரேட்டர் முகம் வெளிறி, ரிசீவரை விடாமல் பிடித்தார். இன்ஜினியர் பிடுங்கிக் காதில் வைத்தார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு கம்ப உச்சியில் அடிக்கிற மாதிரி காற்று. அப்புறம் அந்தக் கரகரத்த குரல், நிதானமாக. "சார், மூணாம் நம்பர் வீட்டு மாடியைப் பாருங்க. போன தடவை மாதிரி அவசரப்படாதீங்க."

தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல ரிசீவரை வைத்துவிட்டு, இன்ஜினியர் கடைசித் தெருவுக்கு விரைந்தார்.

மூன்றாம் நம்பர் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து ஓர் இரும்புக் குழாய் நீண்டிருந்தது. நாலு குட்டிச் சட்டைகள் காய்ந்தன. காற்றடித்தபோதெல்லாம் புதுக் கம்பி ஆடி வந்து குழாயின் நுனியை டிங் என்று தொட்டது. உள்ளே ஒரு பெண், இடுப்பில் குழந்தை, ஈரக் கையால் ஐந்தாவது சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்தக் குழாயை எப்பக் கட்டினீங்க?"

"இப்பத்தான், பத்து நிமிஷம் இருக்கும். ஏன் சார், மனு குடுத்தப்ப எட்டிப் பார்க்காத ஆளு, துணி காயப்போட்டதும் ஓடி வர்றீங்க?"

அங்கே நின்றபடியே பெரியவரைச் செல்லில் கூப்பிட்டார். "இன்னைக்கு லைன் போட முடியாது சார்."

"ஏன்?"

"ஒரு ஆள் இன்னும் மேல இருக்கான் சார்."

அவர் திரும்பி வந்தபோது, ஆபரேட்டர் டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு சஸ்பெண்ட் ஆகத் தயாராக நின்றார். ஆணி காலியாக இருந்தது.

"லைனைத் தெருவுக்குப் பின்னாடி பொட்டலுக்கு மாத்தச் சொல்லி எழுதிட்டேன். வேலை போனாலும் சரி."

ஆபரேட்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்க சார். எல்லாம் என் நாடகம். உசுரோட இருக்கிற நாப்பத்து மூணு பேர் சொல்லி அசையலையே, செத்தவன் சொன்னாலாவது அசைவீங்களான்னு பார்த்தேன். அட்டையை மாட்டினதும் நான்தான். நீங்க ரிசீவரைப் பிடுங்கினதும் தொலைஞ்சேன்னு நினைச்சேன். காட்டிக்கொடுக்காம போனீங்களே!"

இன்ஜினியருக்கு அப்பாடா என்று மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது. "கில்லாடிய்யா நீ! அது சரி, ஃபோன்ல அச்சு அசல் மீசை மாதிரியே பேசினானே, அவன் யாரு?"

ஆபரேட்டர் சிரித்தார்.

"கிண்டல் பண்ணாதீங்க சார். புதுக் கம்பத்துக்குக் குழி தோண்டினப்ப ஃபோன் ஒயர் அறுந்து பத்து நாளாச்சு. அதுலதானே துண்டு காயுது!"