மிஸ் போகக்கூடாது

“இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போலாம்லா மிஸ். அப்படி என்ன அவசரம்?”

கோகிலன் இதைக் கேட்பது அந்த வாரத்தில் எட்டாவது முறை. மிஸ் ரூத் வடையைச் சம்பலில் தோய்த்தபடி சிரித்தாள். மலேசியாவின் சுங்காய்ப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க அமெரிக்காவிலிருந்து வந்தவள். பத்து மாதமாக இந்த வீட்டின் பின்னறையில்தான் வாசம். வந்த புதிதில் மிளகாயைப் பார்த்தாலே கண்ணீர் விட்டவள், இப்போது சம்பலில் உறைப்பு பத்தவில்லை என்று தமிழிலேயே குறை சொல்கிறாள்.

“டிக்கெட் போட்டாச்சுலா அண்ணே. சனிக்கெழம பிளைட்டு.”

“டிக்கெட்ட மாத்திக்கலாம். அடுத்த மாசம் டுரியான் பழம் வந்துரும். தாப்பாவுல நமக்குத் தெரிஞ்ச தோட்டம் இருக்கு.”

“டுரியான் வாடைக்கே எனக்குத் தல சுத்தும். மறந்துட்டீங்களா?”

மறக்கவில்லை. கைவசம் இருந்த காரணங்களில் அது ஒன்றுதான் பாக்கி. கேமரன் மலைக் குளிர், கூட்டாளி மகள் கல்யாணம், தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரம் எல்லாம் திங்கட்கிழமையே தீர்ந்துவிட்டன.

கோகிலன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். மிஸ் வந்த மூன்றாம் மாதமே ஆங்கிலத்தில் போனில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டான். ஆனால் போன வாரத்திலிருந்து அவன் ஆங்கிலம் குப்புற விழுந்துவிட்டது. ‘குட் மார்னிங்’ என்றால்கூடத் திருதிருவென்று முழித்தான். மாணவனைக் கரையேற்றாமல் எந்த ஆசிரியையாவது ஊர் திரும்புவாளா என்பது அவன் யோசனை.

அந்த விஷயத்தில் பதினைந்து வயது ஷர்மினி அப்பாவையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள்.

“பா, இங்கிலீஷ் பேப்பர் குடுத்துட்டாங்க. பன்னெண்டு மார்க்,” என்று தாளை நீட்டினாள். வருஷம் முழுக்கத் தொண்ணூறுக்குக் கீழே இறங்காத பிள்ளை.

கோகிலனின் முகம் மலர்ந்தது. “கெட்டிக்காரிலா நீ,” என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தான்.

மிஸ் தாளை வாங்கிப் புரட்டினாள். “ஷர்மினி, நாலு பதில்ல ஒண்ணத் தேர்ந்தெடுக்கணும். கண்ண மூடிக்கிட்டுக் குறிச்சாக்கூட இருபத்தஞ்சு வந்திருக்கும். இவ்வளவு தப்பு போடணும்னா எல்லாப் பதிலும் தெரிஞ்சிருக்கணும்லா.”

ஷர்மினி அவசரமாக ஒரு வடையை வாயில் திணித்துக்கொண்டாள்.

“ஏங்க, மிஸ்ஸ நிம்மதியாத் தின்ன விடுங்க,” என்று அவள் அம்மா சரளா காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். மிஸ் பக்கத்தில் இருந்தால் அந்த ‘ஏங்க’ கொஞ்சம் தாராளமாகவே வரும்.

கோகிலன் எழுந்துபோய்ச் சீனி தேடினான். அந்த அடுப்படியில் எது எங்கே இருக்கிறது என்று அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. மூன்று டப்பாக்களைத் திறந்து மூடிவிட்டு, நான்காவதிலிருந்து இரண்டு கரண்டி உப்பை அள்ளிக் காப்பியில் போட்டுக்கொண்டான்.

சன்னலுக்கு வெளியே, வேலிக்கு அந்தப் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்த மங்களம் அக்கா எட்டிப் பார்த்தாள்.

“மிஸ் போனபொறகு தம்பி நெலமய நெனச்சா எனக்கே பாவமா இருக்குலா சரளா.”

சரளா மேசையைத் துடைத்தாள். கோகிலனுக்குக் காது சூடாகிவிட்டது. அக்கம்பக்கம் வாய்க்கு வந்ததைப் பேசட்டும், அவனுக்குக் கவலையில்லை. மிஸ் போகக்கூடாது. அவள் போனால் அவன் பாடு திண்டாட்டம்தான்.

மிஸ்ஸுக்கு மனசு இளகியது. “கவலப்படாதீங்க அண்ணே. ஜனவரியில வேற டீச்சர் வாரார். இதே வீட்டுலதான் தங்க வைக்கணும்னு நானே சொல்லியிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் இதுல கையெழுத்துப் போட்டாப் போதும்,” என்று ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்து வைத்தாள்.

கோகிலனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உப்புக் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, முகம் சுளிக்கக்கூட மறந்து, கையெழுத்தைப் போட்டான்.

சரளா பாரத்தை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தாள். பிறகு நாலாக மடித்துச் சூடான காப்பிச் சட்டிக்கு அடியில் வைத்தாள்.

“வேணாம் மிஸ். இனிமே யாரும் வேணாம்.”

“சரளா, புள்ளைக்கு நல்லதுலா… பன்னெண்டு மார்க் வாங்கியிருக்கு பாரு…”

“வேணாம்னா வேணாம்.”

இவளிடம் கெஞ்சி ஆகப்போவதில்லை என்று கோகிலனுக்கு நன்றாகத் தெரியும். எழுந்து கூடத்துக்குப் போய், நாற்காலியில் கிடந்த தன் சட்டைகளை மடித்து ஒரு பையில் வைக்க ஆரம்பித்தான். ஷர்மினி விசும்பத் தொடங்கினாள். மிஸ்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை.

“அண்ணே, ஊருக்குப் போறது நான்லா. நீங்க எதுக்குப் பையத் தூக்குறீங்க?”

“அவர் கெடக்கட்டும் மிஸ், இப்படி உக்காருங்க,” என்றாள் சரளா. “புருஷன் பொண்டாட்டி சேந்து வாழுற வீட்டுக்குத்தான் டீச்சரத் தருவோம்னு சொன்னாங்க, அதனாலதான் மூணு வருஷத்துக்கு முன்னாடி கோர்ட்டுல தீத்துவிட்ட மனுஷனக் கூட்டியாந்து கூடத்துல படுக்க வச்சேன். கட்டியிருந்த காலத்துல ஒருநாளும் நேரத்துக்கு வீடு வராதவரு பத்து மாசமா ஆறு மணிக்கு வாசல்ல நிக்கிறாரு, அதனால நாளைக்கே ஈப்போவுக்குப் போயிக் கல்யாணத்தத் திரும்பப் பதிய எழுதிக் குடுக்கப்போறோம். நோட்டீஸ் இருபத்தோரு நாள் தொங்கணுமாம், சாட்சிக் கையெழுத்துக்கு நீங்க இருந்தே ஆகணும்லா.”