ஆயுசு நூறு

வளைவில் சவுக்கு லோடு லாரி கவிழ்ந்து கிடக்கிறதாம். டிரைவர் குதித்துத் தப்பிவிட்டான். ஊரே கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறது. பார்த்திபனை மட்டும் ஒருத்தரும் கூப்பிடவில்லை.

கோபம் வராதா பின்னே? செய்யூர் வட்டாரத்திலேயே லாரியை ஒற்றைக் கையால் தூக்குகிறவன் அவன் ஒருத்தன்தானே!

சாமி கொடுத்ததோ, பூதம் கொடுத்ததோ, பதினெட்டு வயதில் வந்த பலம். சும்மா வரவில்லை. ஒரு தடவை தூக்கினால் ஆயுசில் ஒரு வருஷம் காலி. முப்பத்தைந்து வயசுக்குள் தலை முழுக்கப் பஞ்சாகிவிட்டது. 'பரம்பரை நரை' என்று ஊரை ஏமாற்றி வைத்திருந்தான். உண்மை, பெண்டாட்டி பூங்கொடிக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் கூப்பிட மாட்டார்களே!

பக்கத்துத் தெருப் பையன் ரஞ்சித்குமார் மேல் சாய்ந்த சுவர், கிணற்றில் விழுந்த டிராக்டர் என்று எதற்கும் கூப்பிட்ட குரலுக்கு ஓடினவன். ஆறு மாசமாக ஒரு நாதியும் கூப்பிடவில்லை.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஓடினான்.

"வாப்பா பார்த்திபா! ஆயுசு நூறு உனுக்கு! இப்பதான் உன்ன பத்திப் பேசிகினு இருந்தோம்" என்றார் ஊர்ப் பெரியவர் சடையப்பன்.

"இன்னா பேசினீங்க?"

"அது... சும்மாதாம்பா."

"நவுருங்க. நான் தூக்கறேன்."

நாலு பேர் குறுக்கே வந்து நின்றார்கள். "வோணாம்பா. திருப்போரூர்லேர்ந்து கிரேன் வருது. நீ போய் டீ சாப்டு."

"ஏன், என் கையில இன்னா சொறியா, சிரங்கா?"

ஆளாளுக்குக் கயிற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ரஞ்சித்குமார்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதுதான் பார்த்திபனுக்குச் சுருக்கென்று தைத்தது.

"நன்றி கெட்ட ஜென்மங்க!"

திரும்பி நடந்தான். டீக்கடை வாசலில், "ஆயுசு நூறு அண்ணாத்த! இப்பதான் உன் பேச்சு!" ரேஷன் கடையில் விஜயகுமாரி, "நூறு ஆயுசுண்ணா உனுக்கு! இப்பதான் உன் பேர எடுத்தேன்!"

வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தான்.

"ஏம்மே, இந்த ஊருக்கு வேற பொழப்பே இல்லியா? எங்க போனாலும் என் தலைதான் உருளுது. புறணி பேசிட்டு, என்னப் பாத்ததும் ஆயுசு நூறாம்! என் ஆயுசு லட்சணம் எனக்குத் தெரியாதா?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்த பூங்கொடி தலை நிமிரவில்லை.

"அவங்கள திட்டாதய்யா. நான்தான் சொல்லிட்டேன்."

"இன்னாத்த?"

"அன்னிக்கு டிராக்டர தூக்கிட்டு மயங்கி வுழுந்தியே, அப்போ. பயத்துல எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஊரே அழுதுச்சி. எது கவுந்தாலும் சரி, இனிமே உன்ன கூப்புடக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. ரஞ்சித்து தேம்பித் தேம்பி அழுதான்யா."

பார்த்திபன் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். ஆனாலும் வீம்பு குறையவில்லை.

"சரி, கூப்புடாம இருக்கட்டும். அதுக்கு எதுக்கு நாள் பூரா என்ன பத்தியே பேசிகினு கீறாங்க?"

பூங்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது ரஞ்சித்து யோசனை. தூரத்துல உன் தல தெரிஞ்சா, யாராச்சும் ஒருத்தர் உன் பேச்ச எடுத்துடணுமாம். பேசிகினு இருந்தாதானேய்யா, நீ வந்து நிக்கும்போது 'ஆயுசு நூறு'ன்னு சொல்ல முடியும்?"