பன்னிரண்டாம் நம்பர்

நதியா டிராயரைச் சத்தமில்லாமல் திறந்து பன்னிரண்டாம் நம்பர் வாட்சை எடுத்தாள். முந்தானை நுனியில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். கடை அப்போதுதான் திறந்திருந்தது. சாம்பிராணிப் புகை இன்னும் கலையவில்லை.

அனு பார்த்துவிட்டாள். “ஏய், இன்னாடி பண்றே? தெரிஞ்சா வேலையே போயிடும்டி.”

“அது எப்படியும் சாயங்காலம் போவப்போவுது. நீ வாய மூடிக்கினு இரு, போதும்.”

காந்தி ரோட்டில் அந்தப் பட்டுக் கடை மூன்று மாடி. வெளியூர் ஆட்கள் வேடிக்கை பார்ப்பதற்காக வாசலிலேயே குழி தோண்டி ஒரு தறி போட்டிருந்தார்கள். கைலாசம் அதில் உட்கார்ந்து நாள் முழுக்க நெய்ய வேண்டும். தட்டுகிற சத்தம் கொஞ்சம் நின்றாலும் சின்ன முதலாளி உதயகுமார் எட்டிப் பார்ப்பான்.

மற்றவர்களை எட்டிப் பார்க்கும் வேலையை அவன் வாட்சிடம் விட்டிருந்தான். கடைப் பெண்கள் எல்லோர் கையிலும் ஒன்று. யார் எத்தனை அடி நடந்தார்கள் என்று கல்லாவுக்கு மேலே டிவியில் ஓடிக்கொண்டிருக்கும். எண் ஏறவில்லையென்றால் எங்கேயோ உட்கார்ந்து ஏமாற்றுகிறாள் என்று கணக்கு. பெயரெல்லாம் அவன் வாயில் வராது. நம்பர்தான்.

நதியாவுக்கும் அம்சாவுக்கும் மாடி வேலை. புடவைகளைத் தாடை முட்ட அடுக்கி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஏறி இறங்க வேண்டும். அணைத்த கை ஆடாது. கை ஆடவில்லையென்றால் அந்த வாட்சுக்கு அது நடையே இல்லை.

பன்னிரண்டாம் நம்பர் அம்சாவுடையது. போன மாதம் கால் வீங்கி நின்றவளைப் பார்த்து, “நீ நடக்கவே இல்லயே, நாளைலேர்ந்து வராதே” என்றான் உதயகுமார். அவள் இப்போது ஐயம்பேட்டையில் வீட்டோடு கிடக்கிறாள்.

அன்றைக்கே நதியா வாட்ச் கம்பெனிக்குப் போன் போட்டாள். கடைக்கென்று ஒதுக்கிய ஆள் ரோகன். அரை மணி நேரம் பாட்டுப் போட்டுவிட்டு லைனுக்கு வந்தான்.

“புடவை தூக்கிக்கினு நடந்தா எண்ண மாட்டேங்குது சார்.”

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்.”

“பண்ணிட்டேன்.”

“மணிக்கட்டுக்கு ரெண்டு விரல் மேல கட்டுங்க மேடம்.”

“அதுவும் ஆச்சு. கை ஆடினாத்தான் எண்ணுது சார்.”

“எங்க வாட்ச் பொய் சொல்லாது மேடம். எண்ணலன்னா நீங்க நடக்கலன்னு அர்த்தம்.”

போனை வைத்த கையோடு செய்தி வந்தது. ‘உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது. எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ அதை நதியா அழிக்கவில்லை. கோபம் தணிகிற மாதிரி தெரிந்தால் எடுத்துப் படித்துக்கொள்வாள்.

இன்றைக்குச் சாயங்காலம் தீர்ப்பு. அதிகம் நடந்தவள் ஃப்ளோர் இன்சார்ஜ். கடைசியில் நிற்பவள் வீட்டுக்கு.

வெளியே போய்விட்டு வந்த நதியாவின் இடுப்பு முடிச்சு காலியாக இருந்தது. “அம்சா கிட்ட குடுத்துட்டியா?” என்று அனு காதைக் கடித்தாள். நதியா புடவை அடுக்கைத் தூக்கினாள்.

சாயங்காலம் கல்லா முன்னால் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். கல்யாணப் புடவை எடுக்க வந்த சென்னைக் குடும்பம் ஒன்று மெத்தையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. டிவியில் பன்னிரண்டு முதலிடம், பதினெட்டாயிரத்துக்கு மேல். நதியாவின் ஏழாம் நம்பர் கடைசியில் கிடந்தது.

“ஏழு, பாத்தியா? கிளம்பு.”

“போறேன் சார். பன்னெண்டு நெஜமா நடந்துச்சான்னு மட்டும் கம்பெனிக்காரர் வாயால சொல்லட்டும்.” ரோகனைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“சந்தேகமே வேணாம் மேடம்” என்றான் ரோகன். “சும்மா கை ஆட்டறதுக்கும் நடக்கறதுக்கும் எங்க வாட்சுக்கு வித்தியாசம் தெரியும். காலைலேர்ந்து ஒரே சீரான நடை. இப்படி ஒருத்தர நான் பாத்ததே இல்ல. ஹார்ட் ரேட் மட்டும் வரல. ஸ்டிராப் லூசா இருக்கும், இறுக்கிக் கட்டச் சொல்லுங்க.”

உதயகுமாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் பக்கம் ஒருமுறை திரும்பிக்கொண்டான்.

“கேட்டீங்களா? இதுதான் உழைப்பு. பாருங்க, இப்பக்கூட ஏறிட்டே இருக்கு!”

ஏறிக்கொண்டுதான் இருந்தது. வரிசையில் ஒருத்தியும் காலை அசைக்கவில்லை. அவன் டிவியை மட்டும் பார்த்தான்.

“இன்னைலேர்ந்து பன்னெண்டுதான் ஃப்ளோர் இன்சார்ஜ். அது சொல்றபடிதான் எல்லாரும் கேக்கணும். யாரும்மா பன்னெண்டு? முன்னாடி வா.”

யாரும் வரவில்லை. வாசலில் தறி தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அனு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

“வெக்கப்படாம வாம்மா.”

நதியா தன் வாட்சைக் கழற்றிக் கல்லா மேல் வைத்தாள். ரோகனுக்கும் கேட்கட்டும் என்று போனை அதன் பக்கத்திலேயே வைத்தாள்.

“அதால வர முடியாது சார்.”

“ஏன்?”

“வாசல்ல குழி தோண்டித் தறி போட்டீங்களே, அதுதான் சார் பன்னெண்டு.”