நாற்பத்தொன்றாம் வரிசையின் இலை

ஹைனான் தீவின் நெல்வயலில் சீனப் புத்தாண்டு நாளின் பத்து மணி வெயில் கொட்டிக்கொண்டிருக்கிறது. பனி உறைந்த ஹார்பினிலிருந்து விதைப்பெட்டியோடு வந்து இறங்கும் ஷூவென்னுக்கு இங்கே இது ஏழாவது குளிர்காலம். கூடுதல் நிலமும் உரமும் கேட்காமல், இதே வெயிலில் தன் உணவை இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சமைத்துக்கொள்ளும் ஒரு நெல் வேண்டும் அவளுக்கு. நாற்பத்தொன்றாம் வரிசையின் இலை கருவியின் கண்ணாடி வாய்க்குள் இருக்கிறது. இலை எவ்வளவு கரியமில வாயுவை உண்கிறது என்று கருவி எண்ணாகச் சொல்லும். மனித மூச்சிலும் அதே வாயுதான்; பக்கத்தில் பட்டால் கணக்கே கெட்டு எண் எகிறிவிடும். ஷூவென் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்திருக்கிறாள். நாற்பதைத் தாண்ட வேண்டும்; முப்பத்திரண்டிலேயே நிற்கிறது எண். வரப்பில் நோட்டோடு நிற்கும் உள்ளூர்க்காரி யாச்சியோங்கின் கையில் ஷூவென்னின் போன் கிணுகிணுக்கிறது. அவள் அழுத்த, மகளின் குரல் வயலில் கேட்கிறது. "அம்மா, கொழுக்கட்டை வெந்தாச்சு. நீ இல்லாட்டியும் உன் கிண்ணத்தையும் வச்சிருக்கோம். ஆவி பறக்குது." எண் ஒரே துள்ளலில் நாற்பதைத் தாண்டுகிறது. "அக்கா, நாற்பத்தாறு! ஜெயிச்சுட்டோம்க்கா!" யாச்சியோங் எழுதிவிடுகிறாள். இலை அசையாமல் பச்சையாக மினுங்குகிறது. ஷூவென் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "அந்த எண்ணை அடிச்சுடுடி," என்கிறாள். "அது இலையோடது இல்ல. நான் விட்ட மூச்சு."