பட்டாளத்தாரின் இடது கால்

"அந்தாளு நொண்டியே இல்லடி!"

எக்ஸ்ரேக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கத்தினார். அவர் மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"மெதுவாப் பேசுங்க. செத்துப்போன மனுஷனைப் போய்..."

"செத்துட்டா பொய் நிஜமாயிடுமா? சாயங்காலம் இரங்கல் கூட்டம். 'போரில் காலில் குண்டு பட்ட வீரர்'னு கல் வெட்டி நூலகத்து வாசல்ல வைக்கணுமாம். ஊர்த் தலைவர் எல்லார்கிட்டேயும் சம்மதம் கேட்கப் போறாராம். குண்டாவது மண்ணாவது!"

இது இன்றைக்கு நேற்று வந்த சந்தேகம் இல்லை. போன வருஷம் தெருவிளக்கு எரியவில்லை என்று பட்டாளத்தார் தானே ஏணி போட்டு ஏறி, விழுந்து, கிளினிக்குக்கு வந்தார். அடி என்னவோ தோள்பட்டையில்தான். "குண்டு பட்ட காலாச்சே, எதுக்கும் அதையும் ஒரு படம் எடுத்துடுங்க" என்றார் டாக்டர்.

எக்ஸ்ரே அறைக் கதவைச் சாத்தியதுதான் தாமதம், ஆள் விறைப்பாக நடந்து வந்து மேஜையில் படுத்துக்கொண்டார். நொண்டலாவது ஒன்றாவது! படத்திலும் எலும்பு பளிச்சென்று இருந்தது. குண்டும் இல்லை, பழைய முறிவும் இல்லை. ஆனால் கதவைத் திறந்து, வெளியே பெஞ்சில் இருந்த மனைவியைப் பார்த்தாரோ இல்லையோ, இடது காலை இழுக்க ஆரம்பித்துவிட்டார்.

கட்டின பொண்டாட்டியையே ஏமாற்றுகிறவன் ஊரை விட்டுவைப்பானா?

"எந்தச் சண்டையில சார் அடி?" என்று அன்றைக்கே மடக்கினார் எக்ஸ்ரேக்காரர்.

"அது பெரிய கதைப்பா" என்று கண்ணடித்துவிட்டுப் போய்விட்டார் பட்டாளத்தார்.

எக்ஸ்ரேக்காரரின் அப்பாவும் பட்டாளம்தான். நிஜமாகவே ஒரு காலைப் போர்க்களத்தில் விட்டுவிட்டு வந்தவர். கட்டையை ஊன்றிக்கொண்டு இதே தெருக்களில் தனியாக நடந்தார். அவர் பேருக்கு ஒரு செங்கல்கூட யாரும் வைக்கவில்லை. பிள்ளைக்கு வயிறு எரியாதா?

"இந்தப் படத்தைக் கூட்டத்துல தூக்கிக் காட்டப் போறேன்."

"முதல்ல அவர் வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அப்புறம் ஊரைக் கூட்டலாம்."

"அந்த மகாராணிகிட்டயா?"

அந்தம்மா மேலும் அவருக்குக் கடுப்புதான். வீட்டுக்கு யார் போனாலும் பட்டாளத்தார்தான் காலை இழுத்து இழுத்துக் காபி கொண்டு வருவார். அந்தம்மா நாற்காலியை விட்டு அசைய மாட்டாள். தெருவில் இறங்கினால் மட்டும் கையைக் கோத்துக்கொண்டு அவரோடு ஒட்டிக்கொண்டு நடப்பாள். "பாவம், புருஷனை எப்படித் தாங்குறாங்க பாரு!" என்று ஊரே உருகும்.

ஆனாலும் மனைவி சொன்னது உறுத்தியது. எக்ஸ்ரே படம் இருந்த உறையைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டாளத்தார் வீட்டுக்குப் போனார்.

அந்தம்மா அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கூட்டத்துக்கு நாற்காலி போடுவதற்காக அவள் மகள் முன்னாடியே நூலகத்துக்குப் போயிருந்தாள்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. ஐயாவுக்குக் கால்ல குண்டு பட்டது நிஜமா?"

"இல்லையே."

எக்ஸ்ரேக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சண்டைக்குத் தயாராக வந்தவருக்கு எதிராளியே இல்லை.

"பட்டாளத்துல லாரி ஓட்டினார் தம்பி. குண்டு விழுற இடத்துக்கே மருந்தும் சாப்பாடும் ஏத்திட்டுப் போவார். ஆனா ஒரு கீறல் இல்லாம வந்து சேர்ந்தார். குண்டுங்கிறது ஊர்க்காரங்க கட்டிவிட்ட கதை. அவர் வாயால எப்பவாவது சொல்லியிருக்காரா?"

யோசித்தார். சொன்னதே இல்லை.

"அப்ப எதுக்கு நொண்டினார்? அதுவும் நீங்க பக்கத்துல இருந்தா மட்டும்?"

நாற்காலியின் கையை அழுத்திப் பிடித்து எழுந்தாள் அந்தம்மா. ஓர் அடி வைத்தாள்.

இடது கால் குட்டை. பாதம் தரையில் இழுபட்டது. பட்டாளத்தாரின் நடை, அச்சு அசல்.

"பொறந்ததுலேருந்தே இப்படித்தான் தம்பி. அவர் ஓய்வு வாங்கி இந்த ஊருக்கு வந்த புதுசுல, கடைத்தெருவுல யாரோ என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டாங்க. வீட்டுக்கு வந்து அழுதேன். மறுநாளிலேருந்து அவரும் நொண்ட ஆரம்பிச்சுட்டார். எல்லாரும் பட்டாளத்துக்காரர் காலையே பார்த்தாங்க, என் காலை யாரும் பார்க்கல. 'எனக்குத் தைரியம் வந்துருச்சு, விடுங்க'ன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். 'பழகிப்போச்சு போடி'ன்னுட்டார்."

சிரிக்கத்தான் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"கல்லுல லாரி ஓட்டினார்னு மட்டும் போடச் சொல்லுங்க. குண்டெல்லாம் வேண்டாம். அவருக்குப் பொய்யே பிடிக்காது."

"சொல்லிடறேம்மா" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

கூட்டத்துக்குக் கிளம்பி வாசல்வரை வந்தவள் நின்றுவிட்டாள். கை தானாகப் பக்கத்தில் நீண்டது. அங்கே யாரும் இல்லை.

"தைரியம் வந்துருச்சுன்னு நானாத்தான் நினைச்சுக்கிட்டேன் போல" என்றாள், தெருவையே பார்த்தபடி.

எக்ஸ்ரேக்காரர் உறையைச் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

நூலகத்து வாசலில் தலைவர் எதிரே ஓடி வந்தார். "வாங்கம்மா, வாங்க" என்றவர், கூட வந்தவரைப் பார்த்துத் திகைத்தார்.

"என்னப்பா, காலையில பார்க்கும்போது நல்லாத்தானே நடந்தே! காலுக்கு என்ன ஆச்சு?"

"அது பெரிய கதைங்க" என்றார் எக்ஸ்ரேக்காரர், இடது காலை இழுத்தபடியே.